டாக்கிங் ஸ்கோரும் கசாயமும்

2021 மே மாதம். தென்காசியில் எங்க பெரியப்பா காய்ச்சலோடு நாலு நாள் வெறும் கபசுரக் குடிநீரை மட்டும் குடித்துக்கொண்டிருந்தார். பொடி குற்றாலத்து மூலிகைக் கடையில் வாங்கியது. "ஆராய்ச்சியிலயே நிரூபிச்சிட்டாங்கடா" என்று ஒரு கட்டுரையையும் வாட்ஸ்அப்பில் அனுப்பினார். ஆக்ஸிமீட்டர் 86 காட்டிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்குச் சம்மதித்தார். பிழைத்துவிட்டார். அந்த வகைக் கட்டுரைகளை நான் உட்கார்ந்து படித்தது அதற்கப்புறம்தான்.

எல்லாம் ஏறக்குறைய ஒரே அச்சு. குடிநீரில் 15 சரக்குகள்: சுக்கு, திப்பிலி, ஆடாதோடை, சீந்தில், நிலவேம்பு என்று போகும். அவற்றின் சேர்மங்களைப் பட்டியலிட்டு, வைரஸ் புரதம் ஒன்றின் முப்பரிமாண வடிவத்தில் மென்பொருள் மூலம் பொருத்திப் பார்ப்பார்கள். பூட்டில் சாவி போடுகிற மாதிரி. இதுதான் டாக்கிங். ஸ்கோர் மைனஸ் எட்டு வந்தால் "நம்பிக்கை தருகிறது" என்று முடிப்பார்கள்.

இந்தக் கணிப்பில் ஒன்றிரண்டு கிலோகலோரி பிசகுவது சகஜம். 1.4 பிசகினாலே பிணைப்பின் வலிமை பத்து மடங்கு மாறிவிடும். என் தொழில் பாஷையில் சொன்னால், இது கம்பைல் ஆன கோடு, அவ்வளவுதான். இன்னும் ஒரு டெஸ்ட்கூட ஓடவில்லை.

இன்னொன்று: டாக்கிங் செய்தது தனி மூலக்கூறு, பெரியப்பா குடித்தது கசாயம். நிலவேம்பின் ஆண்ட்ரோகிராஃபோலைடு தண்ணீரில் லேசில் கரையாது. கரைந்ததும் குடலைத் தாண்டி ரத்தத்தில் சேர்வது குறைவு. 1971-இல் சீனாவின் தூ யூயூ மலேரியாவுக்கு ஆர்ட்டெமிசினினைத் தேடியபோது, சூடுதான் மருந்தைக் கெடுக்கிறது என்று சந்தேகப்பட்டு, 35 டிகிரியில் கொதிக்கும் ஈதருக்கு மாறினார். எப்படி இறக்குகிறோம் என்பதிலேயே மருந்து இருக்கிறது. நான் படித்த கட்டுரைகளில் இந்தக் கேள்வியே இல்லை.

அதற்காக நிலவேம்பையே தூக்கிப் போடச் சொல்லவில்லை. தாய்லாந்தின் மஹிதோல் பல்கலைக்கழகத்தினர் மனித நுரையீரல் செல்களில் சோதித்தபோது ஆண்ட்ரோகிராஃபோலைடு வைரஸை நன்றாகவே கட்டுப்படுத்தியது. இது அடுத்த படி. அதற்கும் அடுத்த படியில், நோயாளிகளிடம் அங்கே நடத்திய ஒரு சிறு ஆய்வின் முன்பதிப்பை, புள்ளியியல் பிழையால் 2021-இல் ஆய்வாளர்களே திரும்பப் பெற்றார்கள். அந்த நேர்மைதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

பெரியப்பா இப்பவும் குடிக்கிறார். நான் தடுப்பதில்லை. ஊருக்குப் போனால் ஆக்ஸிமீட்டரின் பேட்டரியை மட்டும் மாற்றி வைத்துவிட்டு வருகிறேன்.