காணாமற்போன விமானமும் கட்டிய கதைகளும்

எம்.எச். 370 என்ற மலேசிய விமானம் எங்கே போயிற்று என்பதற்கு என் நண்பர் ஒருவரிடம் மூன்று விடைகள் இருக்கின்றன. காலையில் சந்தித்தால் ஒன்றைச் சொல்வார். மாலையில் சந்தித்தால் இன்னொன்று. மூன்றையும் ஒரே நிச்சயத்தோடு சொல்வார். அவரைக் கேலி செய்ய எனக்கு யோக்கியதை இல்லை. கதை எழுதுகிற நானே அந்த விமானத்தை மனசுக்குள் நாலைந்து இடங்களில் இறக்கிப் பார்த்திருக்கிறேன். ஆகவே இந்த ஊகங்களை விஞ்ஞானமாகப் பாவித்துச் சோதிக்க நான் முன்வரவில்லை. அவற்றைக் கதைகளாகவே எடுத்துக்கொண்டு, ஒரு நாவலை எடை போடுவது போல எடை போட்டுப் பார்க்கலாம் என்று எண்ணம்.

முதலில் நிச்சயமாகத் தெரிந்ததைச் சொல்லிவிடுகிறேன். 2014 மார்ச் 8-ந் தேதி, நள்ளிரவு கழிந்து 12-42க்கு, 239 பேருடன் அந்த போயிங் 777 விமானம் கோலாலம்பூரிலிருந்து பெய்ஜிங்குக்குக் கிளம்பிற்று. 1-19க்கு விமானி அறையிலிருந்து இரவு வணக்கம் சொன்ன குரல் கேட்டது. இரண்டு நிமிஷம் கழித்து, தரையிலிருந்து கண்காணிப்பவர்களின் ராடார் திரையில் அதன் அடையாளம் மறைந்தது. ராணுவ ராடார்களின் பதிவைப் பிற்பாடு பார்த்தபோது, விமானம் திரும்பி, மலாய் தீபகற்பத்தைக் குறுக்கே கடந்து, பினாங்குப் பக்கமாக வளைந்து வடமேற்கே சென்றது தெரிந்தது. 2-22க்கு அந்தப் பார்வையும் விட்டுப்போயிற்று.

அப்புறம் மனிதக் குரல் இல்லை. செயற்கைக் கோள் ஒன்று ஏறக்குறைய மணிக்கு ஒரு தரம் ‘இருக்கிறாயா?’ என்று விசாரிக்க, விமானத்திலிருந்த கருவி தானாகவே ‘இருக்கிறேன்’ என்று பதில் கொடுத்துக்கொண்டிருந்தது. கடைசிச் சமிக்ஞை காலை 8-19க்கு. சமிக்ஞை வந்து சேர எடுத்துக்கொண்ட நேரத்தையும் அதன் அலைவரிசையில் ஏற்பட்ட மாறுதலையும் கணக்குப் போட்டுத்தான், தெற்கு இந்து மகா சமுத்திரம் என்று முடிவு கட்டினார்கள். 2015 ஜூலையில் ரீயூனியன் தீவில் இறக்கையின் ஒரு பாகம் கரை ஒதுங்கிற்று. ஆனால் 1,20,000 சதுர கிலோமீட்டர் கடலடியைத் துழாவிய தேடல் 2017 ஜனவரியில் வெறுங்கையோடு நின்றது.

இரவு 1-21க்கும் காலை 8-19க்கும் நடுவே ஏழு மணி நேரம் வெற்றுத்தாளாகக் கிடக்கிறது. வெற்றுத்தாளைக் கண்டால் எழுதுகிறவன் கை சும்மா இருக்குமா?

முதலில் கிளம்பிய கதை, திருட்டுப் பாஸ்போர்ட்டுக் கதை. பயணிகளில் இருவர், ஓர் இத்தாலியர் பேரிலும் ஓர் ஆஸ்திரியர் பேரிலும் இருந்த களவுபோன பாஸ்போர்ட்டுகளில் ஏறியிருந்தார்கள் என்று தெரிந்ததும், உலகம் ‘ஆ!’ என்றது. ஆரணி குப்புசாமி முதலியார் நாவலாக இருந்தால் இந்த இடத்தில் ஓர் அத்தியாயம் முடியும். நாமும் பரபரப்போடு பக்கத்தைப் புரட்டுவோம். சில தினங்களில் உண்மை வெளிவந்தது. இருவரும் ஈரானிய இளைஞர்கள். ஐரோப்பாவில் எப்படியாவது குடியேறிப் பிழைத்துக்கொள்ளலாம் என்று கிளம்பியவர்கள். பயங்கரவாதத்தோடு சம்பந்தம் எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை. ஒருவனுக்கு வயது பத்தொன்பது. ஜெர்மனியில் அவன் தாயார் அவனுக்காகக் காத்துக்கொண்டிருந்தாள். பிள்ளை வந்து சேராமற் போகவே, அவளே அதிகாரிகளுக்குத் தகவல் அனுப்பினாள்.

இந்த இரண்டில் எது பெரிய கதை என்று வாசகர்களையே கேட்கிறேன். வெடிகுண்டோடு ஏறிய வில்லனை நூறு நாவல்களில் பார்த்தாயிற்று. பொய்ப் பெயரில் தாயைத் தேடிப் போன பையன் எந்தத் துப்பறியும் நாவலிலும் வரமாட்டான். ஊகக்காரர்களுக்கு அவனால் பிரயோஜனம் இல்லை. கதையை நகர்த்த மாட்டான். அதனால் அவனைச் சத்தமில்லாமல் விட்டுவிட்டு வேறு வில்லனைத் தேடப் போய்விட்டார்கள்.

அடுத்தது தியேகோ கார்சியாக் கதை. இந்து மகா சமுத்திரத்தின் நடுவே இருக்கும் அமெரிக்க ராணுவத் தளத்துக்கு விமானத்தைக் கடத்திக்கொண்டு போய் ஒளித்துவிட்டார்கள் என்பது அதன் சாரம். வேறு சிலர் வடக்கே திருப்பிக் கஜகஸ்தானில் இறக்கினார்கள். இவற்றில் கற்பனைக்குக் குறைவில்லை, நிர்ப்பந்தம்தான் இல்லை. நல்ல நாவலில் ஆசிரியன் நினைத்ததெல்லாம் நடந்துவிடாது. பாத்திரமும் சம்பவமும் அவன் கையைப் பிடித்து இழுத்து, ‘இது முடியாது’ என்று சொல்லும். இங்கே அப்படி யாரும் சொல்வதில்லை. ரீயூனியனில் இறக்கைத் துண்டு ஒதுங்கிற்றே என்றால், ‘அதைக் கொண்டுவந்து போட்டார்கள்’ என்று பதில் வருகிறது. மறுக்கிற சாட்சியத்தையே சதியின் அங்கமாக்கிவிட்டால் அப்புறம் எந்தக் கதைதான் நிற்காது?

மூன்றாவது, விமானியே வேண்டுமென்று செய்தார் என்பது. இதை முந்தைய இரண்டோடு சேர்த்துத் தள்ளிவிட முடியாது. விமானம் திரும்பியது தானியங்கிக் கருவியால் அல்ல, கையால் என்று மலேசிய விசாரணைக் குழு சொல்லியிருக்கிறது. தலைமை விமானி வீட்டில் வைத்திருந்த பயிற்சிப் பொறியில், தெற்கு இந்து மகா சமுத்திரத்துப் புள்ளி ஒன்றும் பதிவாகியிருந்தது. சந்தேகம் எழுவது நியாயமே. ஆனால் அதே குழு, அவருடைய மனநிலையிலோ நடத்தையிலோ விபரீதமாக எதுவும் தென்படவில்லை என்றும், மூன்றாம் மனிதர் குறுக்கிட்டிருக்கலாம் என்பதைத் தள்ளிவிட முடியாது என்றும் எழுதியிருக்கிறது. இவ்வளவோடு நின்றால் அது ஊகம். ஊகக்காரர்கள் நிற்பதில்லை. அவருடைய குடும்பத்துக்குள் நுழைகிறார்கள். அவர் மனசுக்குள் உட்கார்ந்து வசனம் எழுதுகிறார்கள். நாவலாசிரியன் தான் படைத்த பாத்திரத்தின் மனசுக்குள் நுழையலாம். அது அவன் சொத்து. பிள்ளைகுட்டிகளோடு வாழ்ந்த ஒரு மனிதர் விஷயத்தில் அந்த உரிமையை யார் கொடுத்தது?

இதற்கு ஒரு பழைய உதாரணம் உண்டு. 1947 ஆகஸ்டு 2-ந் தேதி ‘ஸ்டார் டஸ்ட்’ என்ற பிரிட்டிஷ் விமானம் 11 பேருடன் போனஸ் அயர்ஸிலிருந்து ஆண்டீஸ் மலைத்தொடரைத் தாண்டிச் சாண்டியாகோவுக்குப் பறந்தது. இறங்க நான்கு நிமிஷம் இருக்கையில் அது அனுப்பிய தந்தி ‘ஸ்டென்டெக்’ என்ற புரியாத சொல்லோடு முடிந்தது. தரையிலிருந்தவர் திருப்பிக் கேட்டார். அதே சொல் இன்னும் இரண்டு தரம் வந்தது. பிறகு மௌனம். பயணிகளில் பிரிட்டிஷ் அரசாங்கத்தின் தபால் தூதர் ஒருவர் இருந்தார். ஆகவே நாசவேலை என்றார்கள். பிற்காலத்தில் வேற்றுக் கிரகத்தாரும் கதைக்குள் வந்தார்கள்.

1998-ல் இரண்டு மலையேறிகள் துபுங்காதோ சிகரத்தின் பனியாற்றில் ஓர் இஞ்சினைக் கண்டார்கள். 2000-ல் அர்ஜென்டினா ராணுவத்தார் போய் எஞ்சியதைத் தேடி எடுத்தார்கள். மலைக்கு மேலே, அந்தக் காலத்தில் விமானிகள் சரியாக அறிந்திராத பலமான உயர்வெளிக் காற்று எதிர்த்து அடித்திருக்க வேண்டும். விமானம் நினைத்த வேகத்தில் முன்னேறவில்லை. மலையைத் தாண்டிவிட்டோம் என்று நம்பி மேகத்துக்குள்ளே இறங்கியவர்கள் மலைமேலேயே மோதினார்கள். பனி சரிந்து மூடிவிட்டது. ஐம்பது வருஷமாக மெல்ல மெல்ல நகர்ந்த பனியாறு அவர்களைக் கீழே கொண்டுவந்து காட்டிற்று. அர்ஜென்டினா விசாரணை, விமானிமேல் குற்றமில்லை என்று தீர்த்தது. அந்தத் தீர்ப்புக்கு அவர் 53 வருஷம் பனிக்குள் காத்திருந்தார். ‘ஸ்டென்டெக்’ என்றால் என்ன என்பது மட்டும் இன்றுவரை விளங்கவில்லை.

தூதர், சதி, வேற்றுக் கிரகம் என்று எழுதிய அத்தனை பேருக்கும் காற்று என்ற பாத்திரம் தோன்றவில்லை. காற்றுக்கு உள்நோக்கம் கிடையாது. உள்நோக்கம் இல்லாத பாத்திரத்தை வைத்துக்கொண்டு மர்மக் கதை எழுத வராது. எம்.எச். 370-லும் காற்றுப் போன்ற ஒன்றுதான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் அது நான்காவது கதையாகிவிடும்.

2018 ஜூலையில் வெளிவந்த மலேசிய அறிக்கை நானூறு பக்கத்துக்கு மேல் போய், உண்மையான காரணத்தைத் தீர்மானிக்க முடியவில்லை என்று முடிகிறது. கதையாக எடை போட்டால் மகா மோசமான முடிவு. பிள்ளைகளையும் பெற்றோரையும் பறிகொடுத்தவர்களுக்கு அது ஆறுதலும் தரவில்லை. அவர்கள் கோபித்துக்கொண்டது நியாயம். ஆனாலும் தெரிந்த இடத்தோடு பேனாவை நிறுத்தியது அந்த அறிக்கை ஒன்றுதான் என்பதனால் அதற்கு என் மதிப்பு உண்டு.

என் நண்பர் அடுத்த தடவை வரும்போது அவருடைய மூன்று விடைகளையும் பொறுமையாகக் கேட்டுக்கொள்ளப் போகிறேன். கேட்டு முடித்த பிறகு ஒரே ஒரு கேள்வி: “ஜெர்மனியில் காத்திருந்தாளே அந்தத் தாயார், அவள் எதிரே உட்கார்ந்திருந்தால் இதில் எதை ஐயா சொல்வீர்?”