கற்சுவரும் கருத்துரையும்

கல்லூரிக்குச் சொற்பொழிவாளரை அழைப்பதென்றால் என்ன? மண்டபம் தேடுவதும், மாலை வாங்குவதும், அழைப்பிதழில் யார் பெயருக்குக் கீழே யார் பெயர் என்று அல்லலுறுவதுமே அலுவல் என எண்ணுவோர் உளர். அவற்றை நாம் இகழவில்லை. ஆயினும் அவற்றுக்கெல்லாம் முன்னே நிற்கும் கேள்வி ஒன்றுண்டு: அழைக்கும் உரிமை யாருடையது? அமெரிக்க நாட்டில், வட கரோலினா மாநிலத்தில், மாணவர்கள் அதற்கு விடை தேடினர்; அந்த முயற்சியை இங்கே எடைபோட விழைகிறோம்.

1963 ஜூன் திங்கள். கறுப்பின மக்களுக்குச் சம உரிமை கேட்டு, சட்டமன்ற உறுப்பினர் பலர் தங்கியிருந்த ராலே நகரத்து விடுதியிலேயே கிளர்ச்சி நடந்தது. பல்கலைக்கழகத்தார் சிலருக்கும் அதில் பங்குண்டு என்று உறுப்பினர் சினந்தனர். அந்தச் சினம் ஆறுமுன், கூட்டத்தொடர் முடியும் தறுவாயில், சட்டமொன்று அவசர அவசரமாக நிறைவேறிற்று. அரசுக் கல்லூரிகளில் பொதுவுடைமைக் கட்சியினர் பேசலாகாது. அரசியல் சட்டத்தைக் கவிழ்க்கச் சொல்வோர் பேசலாகாது. கட்சித் தொடர்பு பற்றிய விசாரணையில் தமக்கெதிராகத் தாமே சான்று கூற மறுத்தவரும் பேசலாகாது! அப்படி மறுக்கும் உரிமையை அளித்ததோ அந்நாட்டு அரசியல் சட்டம். அது தந்த உரிமையைக் கையாண்டவனுக்கு மாநிலச் சட்டம் தண்டனை தருகிறது. என்னே விந்தை!

எதிர்ப்பு ஓங்கியது, கல்லூரிகளின் தகுதிச் சான்றுக்கே ஊறு நேருமோ என்ற அச்சமும் எழுந்தது. 1965 நவம்பரில் திருத்தம் வந்தது. பூட்டை அகற்றினரா? இல்லை, சாவியைப் பல்கலைக்கழக ஆட்சிக் குழுவினரிடம் தந்தனர். முதற்சட்டத்தினும் இத்திருத்தமே கொடிதென்போம். முன்னர்ச் சட்டமன்றம் தடுத்தது. இப்போது கல்விக்கூடமே தன் கையால் தன் வாயைப் பொத்திக்கொள்ள வேண்டியதாயிற்று.

இங்கேதான் மாணவரின் திட்டம் நம்மை வியக்க வைக்கிறது. அவர்கள் அழைத்தது அடிமைகளின் கிளர்ச்சிகளை ஆராய்ந்த வரலாற்றாசிரியரும் பொதுவுடைமையருமான ஹெர்பர்ட் அப்தேக்கரையும், அமெரிக்கச் சட்டமன்ற விசாரணைக் குழுவின் கேள்விகளுக்கு விடைதர மறுத்துச் சிறை சென்ற பிராங்க் வில்கின்சனையும். தீவிர மாணவர் அமைப்பு மட்டும் அழைத்திருந்தால், "வம்பர்களின் வேலை" என்று ஒதுக்கியிருப்பர். ஆகவே மாணவர் தலைவர் பால் டிக்சன், மாணவர் நாளிதழின் ஆசிரியர், வாதமன்றத்தார் எனப் பலரும் கைகோத்தனர். கொள்கையில் அப்தேக்கரோடு உடன்படாதவரும் அவர்களுள் இருந்தனர். ஆத்திரப்பட்டு அரங்கை உடைக்கவில்லை. முறைப்படி அழைப்பு விடுத்தனர், மறுப்பைப் பெற்றனர். அந்த மறுப்பே பின்னர் வழக்குக்கு அடித்தளமாயிற்று.

1966 மார்ச் 2 அன்று வில்கின்சன் வந்தார். 9 அன்று அப்தேக்கர். சாப்பல் ஹில் நகரில் பல்கலைக்கழகத்துக்கும் பிராங்க்ளின் தெருவுக்கும் இடையே தாழ்ந்த கற்சுவரொன்று உண்டு. பேச்சாளர் தெருவோர நடைபாதையில். மாணவர் உட்புறத்துப் புல்வெளியில். ஒலி எல்லைக்கல்லை மதிக்குமா? அப்தேக்கரைக் கேட்க ஏறத்தாழ 2,000 பேர் திரண்டனர். சுவர்மேல் ஆளுநர் மூரின் பெயரால் "மூரின் சுவர்" என்று அட்டை எழுதி வைத்தனராம். பெர்லின் சுவரைப் பழித்த ஆட்சியாளருக்கு இதைவிடக் கூரிய விடை வேறென்ன!

சட்டம் தீதென்று அறிந்தும் கதவை அடைத்த பல்கலைக்கழகத் தலைவர்களை நாம் பாராட்ட இயலாது. நிதி பறிபோகும், பகை வரும் என்ற அவர்தம் கவலை பொய்யன்று. ஆனால் அக்கவலையைச் சுமந்தவர் மாணவரல்லரே!

ஒன்றை மட்டும் மறைக்காது சொல்வோம். வருபவர் அவையினரின் கேள்விகளுக்கு விடைதர வேண்டும், மாற்றுக் கருத்தினருக்கும் வாய்ப்பு வேண்டும் என ஆட்சிக் குழுவினர் வகுத்த விதிகள் நல்லவையே. மாலையோடும் கைதட்டலோடும் முடியும் கூட்டத்தினும் அது மேலான ஏற்பாடு. தடைக்கு ஒட்டுப்போட அதைக் கொணர்ந்ததுதான் பிழை.

மாணவரும் பேச்சாளர் இருவரும் தொடுத்த வழக்கில், 1968 பிப்ரவரியில் கூட்டாட்சி நீதிபதிகள் மூவர், சொற்கள் தெளிவற்றவை எனக் கூறிச் சட்டத்தைச் செல்லாதாக்கினர். அழைக்கும் உரிமை மாணவருடையதா என்பதை அவர்கள் நேராக எடுத்துரைக்கவில்லை; தெளிவின்மை என்ற ஒன்றே அவர்களுக்குப் போதுமாயிருந்தது.