பாதியில் விட்ட உலகங்கள்: கிரக சாகசக் கதைகளை ரசிப்பது எப்படி?

1912 பிப்ரவரியில் ‘ஆல்-ஸ்டோரி’ என்ற அமெரிக்க மாத இதழில் ஒரு தொடர்கதை தொடங்கியது. உள்நாட்டுப் போரில் தோற்ற தரப்பில் நின்று போரிட்ட ஜான் கார்ட்டர் என்ற கேப்டன் அரிசோனாவின் ஒரு குகையில் செயலற்று விழுகிறான். கண் விழித்தால் செவ்வாய்க் கிரகம். எப்படிப் போய்ச் சேர்ந்தான் என்று விளக்க எட்கர் ரைஸ் பரோஸ் மெனக்கெடவே இல்லை. கார்ட்டர் எழுந்து நடக்கப் பார்க்கிறான். ஈர்ப்பு குறைவு என்பதால் எடுத்த அடியிலேயே எகிறிப் போய் விழுகிறான். பக்கத்தில் ஒரு கண்ணாடிக் கூரைக்குக் கீழே பச்சை மனிதர்களின் முட்டைகள் பொரிந்துகொண்டிருக்கின்றன. அதைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே முதுகுப் பக்கமாக நான்கு கைகள் கொண்ட ஒரு வீரன் நெடிய ஈட்டியை நீட்டியபடி பாய்ந்து வருகிறான். இனி என்ன செய்வது? சற்றுமுன் தன்னைக் கவிழ்த்துவிட்ட அந்தத் துள்ளலே இப்போது உயிர் காக்கிறது. நல்ல நாவலுக்குப் பழகிய வாசகர் இதைப் படித்துவிட்டு உதட்டைப் பிதுக்குவார். பாத்திரத்துக்கு அகம் இல்லை, நிகழ்ச்சிக்குக் காரணம் இல்லை, தற்செயல்மேல் தற்செயல். இந்தக் குற்றச்சாட்டுகள் எல்லாமே உண்மைதான். ஆனால் இந்தக் குறைகள்தான் அறுபது ஆண்டுகள் கழித்து ஒரு புது விளையாட்டு வகை பிறக்க இடம் கொடுத்தன. அந்த விளையாட்டின் பக்கம் நின்று பார்த்தால் இந்தக் கதைகளை ரசிக்கும் வழி பிடிபடும்.

விளையாட்டு என்றால் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கியது, 1974இல் வெளிவந்தது. நாலைந்து பேர் ஒரு மேஜையைச் சுற்றி உட்காருவார்கள். ஒருவர் ஆட்டத்தை நடத்துவார்: இருண்ட நடை, ஈரச் சுவர், தொலைவில் ஒரு முனகல் என்று விவரித்துவிட்டு, “இப்போது என்ன செய்கிறீர்கள்?” என்று கேட்பார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக நின்று பதில் சொல்வார்கள். செய்ய நினைத்தது பலித்ததா என்பதைப் பகடை தீர்மானிக்கும். ஆட்டம் முழுவதும் அந்த ஒற்றைக் கேள்வியின்மேல்தான் ஓடுகிறது. மரக்கூழ்த் தாளில் அச்சாகி மலிவு விலைக்கு விற்றதால் ‘பல்ப்’ என்று பெயர் வாங்கிய இதழ்களின் கதைகளும் வாசகரிடம் அதே கேள்வியைத்தான் கேட்டன. அடுத்த இதழை வாங்க வைக்க வேண்டிய ஆசிரியருக்கு வேறு வழி கிடையாது. நம் வாரப் பத்திரிகைகளின் ‘தொடரும்’ தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இதற்குச் சரியான பாடக்கதை ராபர்ட் ஈ. ஹோவர்டின் ‘யானைக் கோபுரம்’. 1933 மார்ச்சில் ‘வியர்ட் டேல்ஸ்’ இதழில் வந்தது. சாராயக் கடையில் கேட்ட பேச்சை நம்பி, கோனன் என்ற இளந்திருடன் ஒரு மந்திரவாதியின் கோபுரத்தில் இருக்கும் மாணிக்கத்தைத் திருடக் கிளம்புகிறான். தோட்டத்தில் காவலுக்குச் சிங்கங்கள். அங்கே தற்செயலாகச் சந்திக்கும் டாரஸ் என்ற கைதேர்ந்த திருடன் நச்சுப்பொடி ஊதி அவற்றைக் கொல்கிறான். கீழ்த்தளத்தில் காவலர்கள் இருப்பதால் இருவரும் கயிறு வீசி உச்சிக்கு ஏறி மேலிருந்து உள்ளே நுழைகிறார்கள். முதல் அறைக்குள் போன டாரஸ் சில கணங்களில் தள்ளாடி வெளியே வந்து செத்து விழுகிறான். எதனால் என்று கோனனுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. இந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு ஒரு நிமிடம் யோசியுங்கள். கதவைத் திறப்பீர்களா? விளக்கை உள்ளே வீசிப் பார்ப்பீர்களா? வந்த வழியே இறங்கிவிடுவீர்களா? ஹோவர்டின் விடை, உள்ளே நுழைந்து ராட்சதச் சிலந்தியோடு மோதி, கடைசியில் நகைப்பெட்டியைத் தூக்கி அதன்மேல் எறிவது. உங்கள் விடை அதைவிட நன்றாகவும் இருக்கலாம். இந்த ஒப்பீட்டில் கிடைப்பதுதான் பல்ப் கதை தரும் முதல் சுவை. வேகமாகப் பக்கம் புரட்டினால் அது கைநழுவிப் போகும்.

இன்னும் கீழே இறங்கினால் கதையின் நிறமே மாறுகிறது. யானைத் தலையும் மனித உடலும் கொண்ட ஓர் உருவம் பீடத்தில் அமர்ந்திருக்கிறது. தமிழ் வாசகருக்கு உடனே பிள்ளையார் நினைவு வரும். கோனனும் அதை முதலில் ஒரு சிலை என்றே எண்ணுகிறான். ஆனால் அது வேறு கிரகத்திலிருந்து வந்து, சிறகுகளை இழந்து, மந்திரவாதியிடம் சிக்கிக் குருடாக்கப்பட்டுச் சித்திரவதைப்படும் உயிர். தன்னைக் கொன்று விடுவிக்கும்படி கோனனிடமே கேட்கிறது. திருட வந்தவன் இரக்கப்பட்டு அதைச் செய்கிறான். கோபுரம் நொறுங்கி விழ, ஒரு காசும் இல்லாமல் விடியலில் வெளியேறுகிறான். கைகாக்ஸின் ஆரம்பகால விதிகளில் அனுபவப் புள்ளிகள் பெரும்பாலும் எடுத்து வந்த பொன்னுக்குத்தான் கிடைக்கும். அந்தக் கணக்கில் கோனன் அன்றிரவு கிட்டத்தட்ட பூஜ்யம். விதி எழுதியவர் கதையின் சட்டகத்தை எடுத்துக்கொண்டு இதயத்தை விட்டுவிட்டார் என்று இதைக் குறையாகச் சொல்லலாம். அந்த இதயத்தைக் கொண்டுவரும் வேலை மேஜையில் உட்காருபவர்களுடையது என்பேன் நான்.

இங்கே ஒரு பலமான மறுப்பு வரும். எல்ஃப், குள்ளர், ஆர்க் எல்லாம் டோல்கீனிடமிருந்துதானே வந்தன, இந்த மலிவுக் கதைகளுக்கு ஏன் பட்டம் கட்ட வேண்டும் என்று. 1979இல் வந்த ஆட்ட நடத்துநர் கையேட்டின் ‘பின்னிணைப்பு என்’ பகுதியில் கைகாக்ஸ் தன்னைத் தூண்டிய நூல்களைப் பட்டியலிட்டார். அதில் டோல்கீன் உண்டு. ஆனால் நேரடித் தாக்கம் தந்தவர்கள் என்று தனியாகச் சுட்டியவர்களில் ஹோவர்ட், ஃப்ரிட்ஸ் லைபர், ஜாக் வான்ஸ் போன்றோர் இருக்கிறார்கள், டோல்கீன் இல்லை. உரிமைத் தகராறு வந்து ‘ஹாபிட்’ என்ற பெயரையே நீக்க நேர்ந்த பிறகு கைகாக்ஸ் வேறு எப்படி எழுதுவார் என்று சந்தேகப்படுவது நியாயமே. ஆனால் தகராறுக்கு முன்பே, 1973 நவம்பர் தேதியிட்ட முதல் பதிப்பின் முன்னுரையிலும் அவர் சொன்னது பரோஸின் செவ்வாயையும் ஹோவர்டின் கோனனையும் லைபரின் இரட்டைத் திருடர்களையும்தான். அந்தப் பதிப்பின் பாலைவெளிப் பட்டியலில் பரோஸின் பச்சை மனிதர்களான தார்க்குகளே வந்து நிற்கிறார்கள். ஆடை டோல்கீனுடையது, நடை பல்ப்புடையது என்று இதைப் பிரித்துப் பார்க்கலாம். உலகைக் காக்கும் ஒரே ஒரு நெடும்பயணத்தை நாலு பேர் வாரந்தோறும் ஆட முடியாது. அதற்கு முடிவு முன்பே எழுதப்பட்டுவிட்டது. லைபரின் கடன்பட்ட இரண்டு திருடர்கள் லங்க்மார் நகரத்தில் இந்த வாரம் எந்த வீட்டுக்குள் நுழைவார்கள் என்பதை ஆடிக்கொண்டே இருக்கலாம்.

வான்ஸின் கொடை இன்னும் நுட்பமானது. 1950இல் வந்த ‘சாகும் பூமி’யில் மந்திரவாதிகள் மந்திரத்தை உருப்போட்டு மூளையில் ஏற்றிக்கொள்கிறார்கள், உச்சரித்ததும் அது நினைவிலிருந்து அழிந்துபோகும். ஒரே நேரத்தில் சிலதான் தலையில் கொள்ளும். வான்ஸ் இதை ஒரு நாகரிகத்தின் களைப்பைக் காட்ட எழுதினார். கைகாக்ஸ் அதற்குள் ஒரு கணக்குப்புத்தகத்தைப் பார்த்தார்: காலையில் எதை எடுத்துக்கொண்டு கிளம்புவது, எதை எந்த நெருக்கடிக்குச் சேமிப்பது? ஒரு வர்ணனைக்குள் விதி ஒளிந்திருப்பதைக் கண்டுபிடிப்பது இந்த வாசிப்பின் இரண்டாவது சுவை.

அறிவியல் பொய்த்துவிட்டதே என்பது அடுத்த மறுப்பு. வானியலாளர் பெர்சிவல் லோவல் கால்வாய்கள் கண்ட செவ்வாயை 1965 ஜூலையில் மாரினர் 4 விண்கலம் அனுப்பிய 22 படங்கள் முடித்துவைத்தன, தெரிந்தது பள்ளங்கள்தான். இழப்பு உண்மையானது. செவ்வாயின் வறண்ட கடற்கரைகளை எவரையும்விட அழகாக எழுதிய லீ பிராக்கெட், 1974இல் தன் நாயகன் ஸ்டார்க்கை மீண்டும் அழைத்து வந்தபோது சூரியக் குடும்பத்துக்கு வெளியே ஸ்கேய்த் என்ற கிரகத்துக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. ஆனால் வரைபடம் தப்பு என்பதால் பயணம் கெட்டுவிடவில்லை. பழைய கடல்வழிக் கதைகளில் வரும் தீவுகளை நாம் அட்ச ரேகையில் தேடுவதில்லையே.

பதில் சொல்லக் கடினமானது மூன்றாவது. பச்சை மனிதர்கள் காட்டுமிராண்டிகள், அவர்களுக்கிடையே விரைவில் தலைவனாகிவிடும் வெள்ளைக்காரன், மீட்கப்படக் காத்திருக்கும் இளவரசி. ஹோவர்டின் சில கதைகளில் நிறவெறி அப்பட்டமாகவே இருக்கிறது. அது அந்தக் காலம் என்று தட்டிக்கழிப்பது நேர்மை அல்ல, ஏனென்றால் அதே பல்ப் மரபில் பிராக்கெட் வேறு மாதிரி எழுதினார்: ஸ்டார்க் புதன் கிரகத்துப் பழங்குடிகள் வளர்த்த அநாதை, பூமியின் சுரங்கக் கம்பெனிகளுக்கு எதிராக நிற்பவன். பிறவியிலேயே தீயவர்கள் என்ற இனங்களை விளையாட்டும் சுவீகரித்தது. 2024 பதிப்பில்தான் ‘இனம்’ என்ற சொல்லே விதிநூலில் மாற்றப்பட்டது. இந்தக் கதைகளைப் படிக்கும்போது இந்தக் கசப்பை விழுங்க வேண்டியதில்லை. மேஜையில் ஒருவர் தார்க்காக அமர்ந்து, கூடு கட்டிய எங்கள் நிலத்துக்குள் வந்தவன் யார் என்று கேட்கலாம். பரோஸ் எழுதாத அந்தக் காட்சியை எழுத அவர் கதையே இடம் விட்டிருக்கிறது.

படிக்கத் தொடங்குபவர்கள் பரோஸிடம் நேராகப் போகாமல் முதலில் ‘யானைக் கோபுரம்’, பிறகு பிராக்கெட், பிறகு வான்ஸ் என்று போவது நல்லது. ஒரே மூச்சில் பத்துக் கதை வேண்டாம்; மாதம் ஒன்றாக வந்தவை, அடுக்கினால் திகட்டும். பரோஸில் தயங்காமல் எடுக்க வேண்டியது 1922இல் வந்த ‘செவ்வாயின் சதுரங்க வீரர்கள்’. கதைக்குள் ஜெட்டன் என்ற சதுரங்கம் வருகிறது: நூறு கட்டங்கள், பக்கத்துக்கு இருபது காய்கள். மனடோர் நகரத்தில் காய்களுக்குப் பதில் உயிருள்ள மனிதர்கள் நின்று, கட்டத்துக்காக வாள் சுழற்றுகிறார்கள். பரோஸ் அதன் விதிகளை நூலின் பின்னிணைப்பாகவே தந்திருக்கிறார். அட்டையில் கட்டம் வரைந்து ஆடலாம். சில காய்களின் நகர்வு இப்படியா அப்படியா என்று அந்த விதிகளில் தெளிவில்லை. இருவர் உட்கார்ந்தால் முதல் காயை நகர்த்துமுன் அதைப் பேசி முடிவு செய்ய வேண்டியிருக்கும்.