மூலையில் ஒரு பெயர்: சிந்தாதிரிப்பேட்டையிலிருந்து சில குறிப்புகள்

அய்யா முதலித் தெருப் பக்கம் ஒரு மாடியறையில் இரண்டு கம்ப்யூட்டரும் ஒரு பிரிண்டருமாக டிசைன் தொழில் நடத்தும் இளைஞர் ஒருவர் என்னிடம் கேட்டார்: "அண்ணே, ஊருக்கெல்லாம் லோகோ போட்டுத் தர்றோம், நம்ம கடைக்குத்தான் இல்ல. நைக்கி மாதிரி ஒரே கோடு, பாத்தா மனசுல நிக்கணும். ஒரு யோசனை சொல்லுங்க."

நைக்கியின் கோட்டை 1971-ல் வரைந்தவர் கரோலின் டேவிட்சன் என்கிற மாணவி. கூலி 35 டாலர். (பிற்பாடு கம்பெனி அவருக்குப் பங்குகள் கொடுத்தது.) அந்தக் கோடு வடிவத்தின் பலத்தில் மட்டும் நிற்கவில்லை, அரை நூற்றாண்டு விளம்பரம் அதைத் தாங்கிப் பிடிக்கிறது. அந்த முட்டுக் கிடையாத கடை அதை இரவல் வாங்கினால் வெறும் கோடுதான் மிஞ்சும். இதைச் சொன்னதும் அவர் முகம் வாடிவிட்டது. ஆனால் அவர் கேள்வி லேசில் தள்ளக்கூடியதல்ல.

ஏனென்றால் அது கேட்கப்பட்ட இடம் அப்படி. 1734-ல் கவர்னர் மார்ட்டன் பிட் காலத்தில், கூவம் வளைந்து போகிற இந்த இடத்தில், சுங்குராமச் செட்டியின் தோட்டத்தை எடுத்துக்கொண்டு கம்பெனி நெசவாளர்களைக் குடியேற்றியது. சின்னத் தறிப் பேட்டை. நூற்பவர்கள், நெய்பவர்கள், துணியில் சித்திரம் எழுதுபவர்கள், வெளுப்பவர்கள் எல்லாரும் கம்பெனியின் ஏற்றுமதிக்காகத்தான் வந்தார்கள். கம்பெனிச் சரக்குப் பொதிகளின் மேல் ஒரு குறி இருக்கும்: இதய வடிவம், அதைப் பிரிக்கும் கோடுகள், உள்ளே கம்பெனிப் பெயரின் முதலெழுத்துகள், உச்சியில் 4 மாதிரி ஒரு கொக்கி. அதே குறியைக் காசிலும் பொறித்தார்கள். இன்றைய டிசைன் புத்தகங்கள் கேட்கும் இலட்சணங்கள் அத்தனையும் அதில் உண்டு. ஒரே நிறம் போதும். சாக்கின் மேல் தூரிகையால் இழுத்துவிடலாம். எழுத்துத் தெரியாத மூட்டைக்காரருக்கும் அடையாளம் தெரியும். சுருக்கமாக, வெற்றிகரமான லோகோ. துணியில் சித்திரம் எழுதிய கை மட்டும் அதில் எங்கேயும் இல்லை. முத்திரை உடைமையைச் சொல்கிறது, உழைப்பைச் சொல்வதில்லை. அது மறதியல்ல, அந்தக் குறி செய்ய வேண்டிய வேலையே அதுதான்.

நண்பர் ஒரு தறிப் படத்தை வரைந்து காட்டினார். வேண்டாம் என்றேன். நெய்தவர்களின் பெயர்களைத் தொலைத்துவிட்டு தறியை மட்டும் பாரம்பரியம் என்று ஒட்டிக்கொள்வது நட்சத்திர ஓட்டல்கள் செய்கிற வேலை.

அடுத்து கடைப் பெயரை மெல்லிய எழுத்தில் அமைத்தார். திரையில் அழகாகத்தான் இருந்தது. ரப்பர் ஸ்டாம்பாகச் செய்து பில்லில் குத்தியதும் ண-வின் சுழிக்குள் மை அடைத்துக்கொண்டது, மெய்யெழுத்தின் புள்ளி காணாமல் போனது. புள்ளி போனால் நமக்கு அது வேறு எழுத்து, வேறு சொல். ரோமன் எழுத்தை வைத்து யோசித்த இலக்கணத்தை அப்படியே தமிழுக்குப் போர்த்தினால் இதுதான் நடக்கும். பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பேதமும் தமிழில் கிடையாது. மூன்று தலைப்பெழுத்தைப் பின்னிப் போடுகிற வித்தை இங்கே பாதிதான் செல்லும். ஒரே எழுத்தை எடுத்து, சுழியைத் திறந்துவிட்டு, புள்ளியைத் தடிமனாக்கி எழுதச் சொன்னேன்.

ஆனால் அதை எங்கே வைப்பது? விசிட்டிங் கார்டில் என்றார் அவர். நான் நினைத்தது போர்டு எழுதியவர்களை. ஃப்ளெக்ஸ் வருமுன் கடைப் பலகையின் கீழ்மூலையில் எழுதியவர் தன் பெயரையும் 'ஆர்ட்ஸ்' என்ற சொல்லையும் போட்டுவிட்டுப் போவார். அடுத்த வாடிக்கையாளர் அதைப் பார்த்துத்தான் வருவார். டிசைன் கடையின் லோகோவுக்கு உண்மையான இடம் அந்த மூலை. அப்படியானால் அது நகம் அளவில், ஒரே நிறத்தில், அடுத்தவர் போர்டின் எந்தப் பின்னணியிலும் தெரிய வேண்டும். மற்ற விதிகள் இதற்குப் பிறகுதான்.

"பார்ட்டி ஒத்துக்க மாட்டாங்கண்ணே. மொதல்ல அதத்தான் எடுக்கச் சொல்வாங்க."

ஆமாம், எடுக்கத்தான் சொல்வார்கள். 2010-ல் ரூபாய்க்குறி வந்தபோது வரைந்த உதயகுமாரின் பெயரும் கூடவே வந்தது, பகிரங்கப் போட்டி என்பதால். 2025 மார்ச்சில் தமிழக அரசு பட்ஜெட் இலச்சினையில் அதை எடுத்துவிட்டு 'ரூ' போட்டது. எந்த லிபி, யாருடைய மொழி என்று சண்டை போட்டோம். சண்டை நியாயமானதுதான். அந்த இலச்சினையை அமைத்த கை யாருடையது என்று நம்மில் எத்தனை பேர் கேட்டோம்? சிறுபத்திரிகைகள் அட்டை ஓவியரின் பெயரையாவது உள்ளே போட்டன. ஆதிமூலத்தின் கோடுகளை நாம் பெயரோடு சேர்த்தே அறிந்தோம். அச்சுக்கோத்தவர், பக்கம் அமைத்தவர் பெயர்களை எத்தனை இதழ்கள் போட்டன? (இதில் நானும் சேர்த்திதான்.)

கடைசியில் ஒரு எழுத்து முடிவாயிற்று. இரண்டு வளைவு, ஒரு புள்ளி. கீழ்க்கடையில் உட்கார்ந்திருந்த பழைய போர்டு ஆர்ட்டிஸ்ட் ஒருவர் அதை ஒருமுறை பார்த்துவிட்டு, ஷட்டரில் சாக்பீஸால் அப்படியே இழுத்தார். கை சற்று நடுங்கினாலும் எழுத்து அதே எழுத்தாக நின்றது. எனக்கு அதுவே போதுமான பரீட்சையாகப் பட்டது. நண்பர் மாடிக்குப் போய் பில் புத்தகத்தின் நிபந்தனைகளில் ஒரு வரி சேர்த்தார்: மூலையிலுள்ள பெயரை எடுக்கச் சொன்னால் தனிக் கட்டணம். எவ்வளவு என்பதற்கு மட்டும் இடம் விட்டிருக்கிறார்.