குறிமொழி அட்டவணைகளும் தமிழ்ச் சொற்களின் சீரமைவும்

எச்.டி.எம்.எல்., விக்கி, லேட்டெக் முதலிய குறிமொழிகளில் அமைக்கப்படும் தமிழ் அட்டவணைகளில் நிரல்கள் கோணுவது, சொற்கள் கட்டத்தைத் தாண்டுவது, எண்களின் பதின்மப் புள்ளிகள் நேராக நில்லாதது ஆகியவை அடிக்கடி காணப்படும் குறைகள். இவற்றுக்கு எழுத்துருவைப் பழிப்பது வழக்கம். ஆனால் பெரும்பாலான குறைகள் குறிமொழியின் இயல்பமைப்பிலிருந்தும் அதைக் கையாளும் முறையிலிருந்தும் வருகின்றன.

எழுத்தெண்ணிக்கை

கிருஷ்ணகிரி மாவட்டம் 2004 பிப்ரவரி 9 அன்று தருமபுரியிலிருந்து பிரிக்கப்பட்டது. அதன் வட்டங்களைப் பட்டியலிட்டாலே சிக்கல் தெரிந்துவிடும். ‘ஓசூர்’ 3 எழுத்து. ஒருங்குறியில் 5 குறியிடங்கள். ‘தேன்கனிக்கோட்டை’ 8 எழுத்து, 15 குறியிடங்கள், யூ.டி.எஃப்-8 முறையில் 45 பைட்டுகள். கண்ணுக்குத் தெரியும் அகலம் இம்மூன்றுடனும் பொருந்தாது. எனவே இடைவெளிகளை எண்ணி நிரப்பி நிரலை நேராக்கும் பழக்கம் தமிழில் பயன்படாது. நிரலின் தன்மையைக் குறிமொழியிலேயே அறிவிப்பதுதான் வழி.

குறுகிய நிரல்

லேட்டெக்கில் அகலம் குறிக்கப்பட்ட ‘பி’ வகை நிரல், உரையை இருபுறமும் சமமாக இழுக்கும். நீண்ட சொற்கள் மிகுந்த தமிழில் இதனால் சொற்களுக்கிடையே பெரும் பள்ளங்கள் விழும். ‘ராக்டுரைட்’ கட்டளை இதைத் தீர்க்கும். ஆனால் கடைசி நிரலில் அது வரிமுடிவுக் குறியின் பொருளை மாற்றிவிடுவதால் ‘அரேபேக்ஸ்லாஷ்’ கட்டளையும் உடன் வேண்டும். இன்னொன்று: பழைய டெக் பொறி கட்டத்தின் முதற்சொல்லை உடைப்பதில்லை. ஒற்றைச் சொல்லான ‘தேன்கனிக்கோட்டை’ கோட்டைத் தாண்டுவது இதனால்தான். இடப்பெயரை உடைப்பதைவிட நிரலை அகலமாக்குவதே படிப்பவருக்கு நல்லது.

எண்கள்

9.5, 12.25 என்ற எண்களை வலப்புறம் ஒட்டினால் புள்ளிகள் விலகி நிற்கும். 1997-இல் வந்த எச்.டி.எம்.எல். 4, புள்ளியை வைத்துச் சீரமைக்கும் பண்பை வரையறுத்தது. முன்னணி உலாவிகள் அதை நடைமுறைப்படுத்தவில்லை, எச்.டி.எம்.எல். 5 அதை வழக்கொழிந்ததாக்கியது. இணையத்தில் பதின்ம இடங்களைச் சமமாக்கி (9.50, 12.25) வலப்புறம் ஒட்டுவதே எளிய தீர்வு. லேட்டெக்கில் ‘எஸ்ஐயூனிட்எக்ஸ்’ தொகுப்பின் ‘எஸ்’ நிரல் இதைத் தானே செய்கிறது. இந்த ஒன்றில் லேட்டெக் தெளிவாக முந்துகிறது.

மும்மொழி அட்டவணை

கர்நாடக எல்லையை ஒட்டிய ஓசூர்ப் பகுதியில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் பேசப்படுகின்றன. மூன்றையும் ஒரே நிரையில் வைத்தால், கன்னட, தெலுங்கு ஒற்றெழுத்துகள் அடிக்கோட்டுக்குக் கீழே இறங்கிக் கட்டக்கோட்டை முட்டும். ஒரு கட்டத்தில் உரை இரண்டு வரியாகிவிட்டால், எச்.டி.எம்.எல். இயல்பாகப் பக்கத்துக் கட்டங்களை நடுவில் நிறுத்தும். எந்த எண் எந்த வரிக்குரியது என்ற மயக்கம் பிறக்கும். தொழிற்சாலைச் சுவரில் ஒட்டப்படும் வேதிப்பொருள் அளவுப் பட்டியலில் இம்மயக்கம் அழகுக் குறையாக மட்டும் நிற்காது. ஒரு வரி தவறிப் படிப்பவர் வேறொரு பொருளின் அளவை எடுத்துவிடுவார். எல்லாக் கட்டங்களையும் மேல்விளிம்பில் நிறுத்துவதும், நிரை உயரத்தைக் கூட்டுவதும், குறுக்குக் கோடுகளைக் குறைப்பதும் இதற்கு மருந்து.

மதிப்பீடு

விக்கியும் எச்.டி.எம்.எல்.-உம் கற்க எளியவை. எண்களின் சீரமைவில் கைவிடுகின்றன. லேட்டெக் துல்லியமானது, அதன் இயல்பமைப்பு குறுஞ்சொல் மொழிகளுக்கே ஏற்றது. எந்தக் கருவியானாலும் உரை இடப்புறம், எண் வலப்புறம், கட்டங்கள் மேல்விளிம்பில் என்ற மூன்றையும் தொடக்கத்திலேயே அறிவித்துவிட்டால் பெரும்பாலான கோணல்கள் எழுவதில்லை.