நூலகரின் புதிய உத்தியோகம்

அமெரிக்கப் பள்ளிக்கூடங்களில் நூலகர் என்றால், அட்டவணை அட்டைகள் அடுக்கிய இழுப்பறையைத் திறந்து, வேண்டிய புத்தகத்தின் எண்ணைக் கண்டு சொல்லுகிறவர் என்றே நெடுங்காலம் கருதப்பட்டு வந்தது. 1988இல் அந்நாட்டுப் பள்ளி நூலகர் சங்கம் மற்றொரு சங்கத்தோடு கூடி வெளியிட்ட வழிகாட்டி நூலோ, அவரை ஆசிரியராகவும், தகவல் நிபுணராகவும், சக ஆசிரியர்களுக்குப் போதனை முறையில் ஆலோசகராகவும் வர்ணித்தது. அந்த அட்டைகளை அச்சிட்டு வந்த ஓ.சி.எல்.சி. ஸ்தாபனமும் 2015இல் அவ்வேலையை நிறுத்திவிட்டது.

அட்டை போயிற்று, வித்தை போகவில்லை. கணினித் திரையில் முதலில் வந்த பக்கத்தையே பிரமாணமாகக் கொண்டு எழுதத் தொடங்கும் சிறுமியின் அருகே அமர்ந்து, "இதை எழுதியவர் யார், எந்த வருஷம் எழுதினார், வேறு யாரேனும் இதையே சொல்லியிருக்கிறார்களா, பார்ப்போமா?" என்று கேட்டு, மற்றொரு பக்கத்தை அவள் கையாலேயே திறக்கச் செய்யும் நூலகரின் பொறுமையை நான் பெரிதும் மதிக்கிறேன். வாசகனுடைய நேரத்தைக் காக்க வேண்டுமென்பதை நூலக விதிகளுள் ஒன்றாக 1931இல் வகுத்த சீர்காழி ரங்கநாதன், முன்னாளில் கணித ஆசிரியராக இருந்தவர் என்பது எவ்வளவு பொருத்தம்!

அதனினும் நுட்பமானது, விசையைத் தொடவே அஞ்சும் மூத்த ஆசிரியருக்கு, அவருடைய கௌரவம் சிறிதும் குன்றாமல், அவர் நாளை நடத்தவிருக்கும் பாடத்தையே எடுத்துக்கொண்டு, புதிய கருவியைப் பழக்கித் தரும் நயம். சிக்கனத்தின் பெயரால் இப்பதவியைப் பல பள்ளிகள் நீக்கிவிடுவதை என்னால் ஒப்ப முடியவில்லை.