வீடியோ எடுக்காத குழுவின் படம்

டிக்கெட் பெரும்பாலும் 5 டாலர். டி-ஷர்ட் விற்பனை கிடையாது. எம்டிவிக்கு வீடியோவும் கிடையாது. வாஷிங்டன் நகரின் ஃபுகாஸி இசைக்குழு கடைசிவரை இப்படித்தான் இருந்தது. அதன் பாடகர்களில் ஒருவரான இயன் மெக்கே, அதற்கு முன்பு மைனர் திரெட் குழு வழியாக அமெரிக்க ஹார்ட்கோர் பங்க்குக்கு இலக்கணம் வகுத்தவர்களில் ஒருவர். ஃபுகாஸி குழுவினர் 1999இல் ‘இன்ஸ்ட்ருமென்ட்’ என்று 115 நிமிடப் படம் ஒன்றை வெளியிட்டார்கள். இயக்கியவர் மெக்கேயின் பள்ளிக்கால நண்பர் ஜெம் கோஹன். ஆர்.ஈ.எம். ராக் குழுவுக்கு மியூசிக் வீடியோ எடுத்துக் கொடுத்தவர். வாசலில் விரட்டியதைக் கொல்லைப்புறமாக உள்ளே விட்டுவிட்டார்களோ என்ற சந்தேகம் நியாயமானதே.

படம் பார்த்தால் அந்தச் சந்தேகம் நிலைக்காது. மியூசிக் வீடியோவில் வெட்டு தாளத்துக்குக் கட்டுப்படும், உதட்டசைவு பாட்டுக்குக் கட்டுப்படும். கோஹன் இந்த இரண்டு கட்டையும் அவிழ்க்கிறார். 1987 முதல் 1998 வரை சூப்பர் 8, 16 எம்எம், வீடியோ என்று கிடைத்ததிலெல்லாம் எடுத்தவற்றைக் கலக்கிறார். திரையில் ஓடும் மேடை ஒன்று, காதில் விழும் இசை வேறொன்று. கிட்டார்மேல் விழும் கை ஒலியோடு ஒட்டாமல் நகரும்போது, பாட்டைப் ‘பார்த்து முடித்துவிட்டோம்’ என்ற எண்ணமே வருவதில்லை. காதைத் தீட்டிக்கொண்டு உட்கார வேண்டியிருக்கிறது.

ஒலியும் காட்சியும் ஒட்டி வரும் இடங்களும் உண்டு. கூடைப்பந்து வளையத்துக்குள் உடம்பைச் செருகித் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு குழுவின் இன்னொரு பாடகர் கீ பிச்சியோட்டோ பாடும் காட்சிக்கு எந்த ஸ்டுடியோ செட்டும் ஈடாகாது. அதைவிட எனக்குப் பிடித்தது, கச்சேரிக்குக் காத்திருக்கும் ரசிகர்கள் ஒவ்வொருவராகக் கேமராவை உற்றுப் பார்த்தபடி நிற்பது. ஐந்து டாலர் கொடுத்தவரின் முகத்துக்கும் படத்தில் பங்கு உண்டு.

கோளாறு படத்தொகுப்பில் இருக்கிறது. ஐந்தாண்டு நடந்த அந்த வேலையில் குழுவினரும் உட்கார்ந்திருக்கிறார்கள். கூட்டத்தில் முரட்டுத்தனம் காட்டிய ஒருவரை, ‘நீ ஐஸ்கிரீம் சாப்பிட்டதை நான் பார்த்தேனே’ என்ற தொனியில் பிச்சியோட்டோ மேடையிலிருந்தே கிண்டலடிக்கும் இடம் சிரிப்பை வரவழைக்கிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் மைக் ஒருவர் கையில்தான் இருக்கிறது. திட்டு வாங்கியவர் தரப்பைப் படம் கேட்பதில்லை. டிக்கெட் விலை போன்ற கட்டுப்பாடுகள் குழுவின் நால்வருக்குள் எந்த உரசலை உண்டாக்கின, காசுக் கணக்கு எப்படி ஓடியது என்றும் தெரியவில்லை. குழுவைக் குறை சொல்லும் ரசிகர்களுக்கு இடம் கொடுத்திருக்கிறார்கள், சரி. ஆனால் அவர்கள் குரல் அரங்குக்கு வெளியே வாகன நிறுத்துமிடத்தோடு நின்றுவிடுகிறது. ‘ரெட் மெடிசின்’ ஆல்பத்தின் ஒலிப்பதிவுக் காட்சிகளில் கால் மணி நேரத்தை வெட்டியிருந்தால் நஷ்டமில்லை.

ஆவணப்படம் என்று எடுத்துக்கொண்டால் இது குழு தனக்குத் தானே எழுதிக்கொண்ட நற்சான்று. இசையைக் காட்சியாக்கும் முயற்சி என்று பார்த்தால், எம்டிவிக்காக எடுக்கப்பட்ட பங்க் வீடியோக்களில் இதன் பக்கத்தில் வைக்கத் தகுந்த ஒன்றை நான் இன்னும் பார்க்கவில்லை. அந்த இரண்டாவது காரணத்துக்காகவே இது பார்க்க வேண்டிய படம்.